ரசீது எழுதுகிறவன்

சனிக்கிழமை மூன்று மணிக்கு
மாநகராட்சிக் கூடத்தின் பூட்டைத் திறப்பவன் நான்.
முன்பு வரி வசூலித்த அறை.
கவுண்டர் கம்பிகளை யாரும் கழற்றவில்லை.
அவற்றில்தான் இப்போது
ஈரம் காயாத படங்களை
கிளிப் போட்டு மாட்டுகிறோம்.
ஓவிய வகுப்பு, மாதம் நூற்றைம்பது.
வந்தவர் பெயருக்கு நேரே டிக் அடிப்பதும்
மின்விசிறியை நிறுத்துவதும் என் பொறுப்பு.
நான் வரைவதில்லை.

போன வாரம் வரைய வைத்தது
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், ஐந்து.
"வெளிச்சம் எந்தப் பக்கம்?
நீங்க எங்க நிக்கறீங்க?
அதைச் சொல்லிட்டுப் பென்சிலை எடுங்க"
என்றாள் ஷீபா. இருபத்தாறு வயசு.
எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அவளுக்கு மூத்தவர்கள்:
ரத்த வங்கியில் இரவு வேலை முடித்து
தூங்காமல் வந்த புஷ்பராணி,
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிக் கணக்கர்,
சைதாப்பேட்டை தில்ஷாத்,
காந்தி ரோடு லாட்ஜிலிருந்து நிமாய் மண்டல்.
அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் சொல்லியிருக்கிறார்கள்.
ஆறு வாரத்தில் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டுத்தான் சேர்ந்தார்.

தில்ஷாத்துக்கு முள் வந்தது, காய் வரவில்லை.
தாளில் முட்கள் மட்டும்
எதையும் பிடிக்காமல் நின்றன.
ஷீபா அதைத்தான் முதலில் கம்பியில் மாட்டினாள்.
கத்திரிக்காய் யாருக்கென்று சீட்டுக் குலுக்கினோம்.
நிமாய்க்கு விழுந்தது. லாட்ஜில் அடுப்பு உண்டாம்.

மறுநாள் ஞாயிறு, மரபு நடை.
காலை ஆறரைக்குக் கோட்டை வாசல்.
அதற்கும் பெயர் குறிப்பவன் நானே.
பரந்தாமன் சார் இடுப்பில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு
அகழியோரம் நின்று
எல்லா மாதமும் சொல்வதைச் சொன்னார்:
வேலூரின் அதிசயங்கள்.
தண்ணீர் இல்லாத ஆறு.
மரம் இல்லாத மலை.
ராஜா இல்லாத கோட்டை.
சாமி இல்லாத கோயில்.
பிறகு மைக்கைச் சற்றே தள்ளிப் பிடித்து,
"அழகு இல்லாத பெண்கள்."
வழக்கமாகச் சிரிப்பு வரும் இடம்.
அதற்காக நிறுத்தினார்.

தில்ஷாத் கேட்டாள்:
"இதைச் சொன்ன ஆளு எங்க நின்னு பாத்தான்?"

"பழைய சொல்வழக்கும்மா."

"சரி சார். வெயில் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

புஷ்பராணி கொட்டாவியை நடுவில் விட்டுவிட்டுச் சிரித்தாள்.
நிமாய் என் கையைச் சுரண்டினார்.
எனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில் பெயர்த்துச் சொன்னேன்.
அவர் கணக்கராட்டம் யோசித்தார்.
சாமி இருக்கிறாரே, என்றார்.
இப்போதுதான் உள்ளே போய் வந்தேன்.
பொட்டலம் பிரித்து விபூதியைக் காட்டினார்.

பரந்தாமன் சார் விபூதியைப் பார்த்தார்.
இருபது வருஷமாகச் சொல்லும் பட்டியல்.
சாமி திரும்பி வந்த வருஷத்தை
அடுத்த நிறுத்தத்தில்
அவரேதான் சொல்வார், தேதியோடு.
இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததை
அவரும் அன்றுதான் கேட்டார் போல.
"ஆத்துலகூட போன மழைக்குத் தண்ணி வந்துச்சே"
என்றது கூட்டத்தில் ஒரு குரல்.
ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது.

இந்த வாரம் வரையச் சொன்னது: கோட்டை.
நின்ற இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும்.
தில்ஷாத்தின் தாளில் கோட்டை நகத்தளவு, ஓரத்தில்.
மீதியெல்லாம் முதுகுகள்:
துப்பட்டா, கொண்டை, ஹெல்மெட்,
நர்ஸ் ஷூவை மிதித்துக்கொண்டு
முன்னால் நடக்கிற கால்கள்.
பெருக்கல் குறியை எங்கே போட்டாள் என்று தேடினேன்.
கூட்டத்துக்கு நடுவில் போட்டிருந்தாள்.

நிமாய் வரவில்லை.
டிபன் டப்பாவில்
மஞ்சள் போட்டு வறுத்த கத்திரிக்காய்
லாட்ஜ் பையன் மூலம் வந்தது.
நல்ல செய்தியா என்று அவனுக்குத் தெரியவில்லை.
பதிவேட்டில் அந்தக் கட்டத்தை
டிக்கும் இல்லாமல் சுழியும் இல்லாமல் விட்டிருக்கிறேன்.

நாலேகாலுக்கு வாசலில் செருப்பைக் கழற்றியது
பரந்தாமன் சார்.
ஸ்பீக்கர் இல்லாத இடுப்பு ஒல்லியாகத் தெரிந்தது.
ஐந்நூறு நோட்டு நீட்டினார், சில்லறை இல்லை.
"மூணு மாசத்துக்கு எழுதிக்கோங்க,
மீதி ஐம்பதுக்குப் பென்சில்."
எழுதினேன்.
கார்பன் தாள் தேய்ந்துபோய்
நகலில் பெயர் விழவில்லை,
தொகை மட்டும் விழுந்திருக்கிறது.
தணிக்கைக்காரன் கேட்பான்.